லித்தியம் மின்கல வீக்கம்

லித்தியம் மின்கல வீக்கம் என்பது செல்பேசி, மடிக்கணினி, கையடக்க வானொலி முதலிய மின்னணுக் கருவிகளில் பயன்படும் லித்தியம்-அயனி மின்கலத்தின் உள்ளே வளிமங்கள் உண்டாகி, அதன் கூடு புடைத்துப் பருமனாவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இதனைப் "பேட்டரி உப்பிவிட்டது" என்றும் "பேட்டரி வீங்கிவிட்டது" என்றும் கூறுவர். வீங்கிய மின்கலம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. அதனைச் சரிசெய்யும் முறை எதுவும் இல்லை. பயன்பாட்டிலிருந்து நீக்குவதே வழி.

வீங்கிய மின்கலம் உடனே வெடித்துவிடும் என்பதும், வீக்கம் வெறும் பழுது, அதனால் தீங்கில்லை என்பதும் பரவலாக உள்ள இருவேறு கருத்துகள். இரண்டும் தவறானவை. வீக்கம் என்பது மின்கலத்தின் உள்ளே வேதிச் சிதைவு தொடங்கிவிட்டதற்கு வெளியிலிருந்து கண்ணால் காணக்கூடிய அடையாளம். அந்நிலையில் மின்கலம் மாதக்கணக்கில் அமைதியாக இருக்கவும் கூடும். ஒரு சிறு அழுத்தத்தால் அல்லது ஒருமுறை கூடுதலாக மின்னேற்றுவதால் தீப்பிடிக்கவும் கூடும். தமிழ்நாட்டில் இச்சிக்கல் பொதுமக்கள் கவனத்துக்குப் பெருமளவில் வந்தது 2007-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், நோக்கியா நிறுவனத்தின் பிஎல்-5சி வகை மின்கலம் குறித்த அறிவிப்பின்போது ஆகும். அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூரில் அந்நிறுவனத்தின் செல்பேசித் தொழிற்சாலை இயங்கி வந்தது.

உள்ளமைப்பு

லித்தியம்-அயனி மின்கலத்தை 1991-இல் சப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலில் வணிக முறையில் வெளியிட்டது. இதற்கு அடிப்படையாக அமைந்த ஆய்வுகளுக்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அக்கிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

செல்பேசி மின்கலத்தின் நேர்மின்வாய், அலுமினியத் தாளின் மேல் பூசப்பட்ட லித்தியம் கோபால்ட் ஆக்சைடால் ஆனது. எதிர்மின்வாய் செப்புத் தாளின் மேல் பூசப்பட்ட கிராபைட்டால் ஆனது. இவ்விரண்டுக்கும் நடுவே நுண்துளைகள் கொண்ட நெகிழித் தாள் ஒன்று பிரிப்பானாக அமைகின்றது. இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. தலைமயிரை விட மெல்லியது. இம்மூன்றையும் பாயைப் போல இறுகச் சுருட்டியோ அடுக்கியோ ஒரு கூட்டினுள் வைத்து, மின்பகுபொருளை ஊற்றி மூடுகின்றனர். இங்கு மின்பகுபொருள் நீர்க்கரைசல் அன்று. எத்திலீன் கார்பனேட்டு, டைமெத்தில் கார்பனேட்டு போன்ற கரிமக் கரைப்பான்களில் லித்தியம் எக்சாபுளோரோபாசுபேட்டு என்னும் உப்பு கரைக்கப்பட்டிருக்கும். இக்கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றக்கூடியவை. வீட்டில் பயன்படும் காரீய-அமில மின்கலத்துக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே எனலாம்.

வளிமம் தோன்றும் விதம்

மின்கலம் முதன்முறை மின்னேற்றப்படும்போதே சிறிதளவு வளிமம் உண்டாகின்றது. மின்பகுபொருளின் ஒரு பகுதி எதிர்மின்வாயின் மேல் சிதைந்து ஒரு மெல்லிய காப்புப் படலமாகப் படிகின்றது. இப்படலம் இல்லையேல் மின்கலம் நீடித்து இயங்காது. இந்த முதல் வளிமத்தைத் தொழிற்சாலையிலேயே வெளியேற்றிவிட்டு, அதன்பின் கூட்டை மூடி ஒட்டுகின்றனர். எனவே கடைக்கு வரும் மின்கலத்தில் வளிமம் அனேகமாக இருப்பதில்லை. பின்னர் தோன்றுவதெல்லாம் சிதைவினால் தோன்றுவது.

இச்சிதைவுக்கு மிகையான மின்னேற்றம் ஒரு முதன்மைக் காரணம். வழக்கமான வகை மின்கலத்தின் மேல் எல்லை 4.2 வோல்ட்டு, அதற்கு மேல் செலுத்தினால் நேர்மின்வாயின் பக்கத்தில் மின்பகுபொருள் ஆக்சிசனேற்றம் அடைந்து கார்பனீராக்சைடு, கார்பன் மோனாக்சைடு முதலியவற்றை வெளியிடும். எதிர்மின்வாயின் பக்கத்தில் எத்திலீன், மெத்தேன், ஐதரசன் போன்ற எரியக்கூடிய வளிமங்கள் தோன்றும். உற்பத்தியின்போது ஈரப்பதம் புகுந்திருந்தால், அது மின்பகுபொருளில் உள்ள உப்போடு வினைபுரிந்து ஐதரசன் புளோரைடை உண்டாக்கிச் சிதைவை மேலும் விரைவாக்கும். முற்றிலும் தீர்ந்துபோன நிலையில் பல மாதங்கள் கிடக்கும் மின்கலத்தில் எதிர்மின்வாயின் செப்புத் தாள் கரையத் தொடங்கும். அதனை மீண்டும் மின்னேற்றும்போது செம்பு வேறிடத்தில் படிந்து குறுக்குச்சுற்றுக்கு வழிவகுக்கும். அலமாரியில் நெடுங்காலம் மறந்துபோன பழைய செல்பேசியை எடுத்து மின்னேற்றும்போது அது வீங்குவதற்கு இது ஒரு காரணம்.

மேற்கண்ட வினைகள் அனைத்தையும் வெப்பம் விரைவுபடுத்துகின்றது. செல்பேசி மின்கலங்களை மின்னேற்றுவதற்கு உகந்த வெப்பநிலை பொதுவாக 0 முதல் 45 பாகை செல்சியசு வரை எனக் குறிக்கப்படுகின்றது. வட தமிழ்நாட்டின் உள்பகுதியில் உள்ள காஞ்சிபுரத்தில் மே மாதத்தில் பகல் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. மின்னேற்றும்போது கருவி தானாகவே பல பாகை சூடேறும் என்பதால், அந்நாட்களில் எல்லைக்கும் இயல்பு நிலைக்கும் இடையே எஞ்சுவது மிகச் சிறிய இடைவெளியே. முழு மின்னேற்றமும் மிகுந்த வெப்பமும் ஒருங்கே சேர்வது மின்கலத்துக்கு மிகவும் கேடானது. எந்நேரமும் மின்னேற்றியில் இணைந்தே இருக்கும் கடைக்கணக்குக் கருவிகளும், வெயிலில் நிறுத்திய மகிழுந்தின் முகப்பில் விடப்படும் செல்பேசிகளும் இந்நிலைக்கு ஆளாகின்றன.

இயல்பான விரிவுக்கும் வீக்கத்துக்கும் வேறுபாடு உண்டு. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் கிராபைட்டின் அடுக்குகளுக்கிடையே புகுவதால் கிராபைட்டின் கன அளவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். மின்னிறக்கத்தின்போது மீண்டும் குறையும். செல்பேசியின் உள்ளே மின்கலத்தைச் சுற்றி விடப்படும் சிறு இடைவெளி இதற்காகவே. மூடியைத் தள்ளும் அளவுக்கோ திரையை உயர்த்தும் அளவுக்கோ பருமன் கூடினால் அது இயல்பான விரிவு அன்று.

கூட்டின் வகையும் முக்கியமானது. உருளை வடிவ மின்கலங்களின் எஃகுக் கூட்டில் அழுத்தம் மிகும்போது மின்னோட்டத்தைத் துண்டிக்கும் அமைப்பும் வளிமத்தை வெளிவிடும் திறப்பும் உண்டு. பழைய செல்பேசிகளில் இருந்த தட்டையான அலுமினியக் கூடுகள் ஓரளவு அழுத்தம் தாங்கிப் பின்பு நடுவில் புடைக்கும். இக்காலத் திறன்பேசிகளில் உள்ளது நெகிழி பூசிய அலுமினியத் தாளாலான பை. இதற்குத் தாங்கும் வலிமை இல்லை என்பதால் சிறிதளவு வளிமத்துக்கே தலையணை போல உப்பிவிடும். ஒருவகையில் இது நன்மையே. உள்ளே நடப்பதை இவ்வகை மறைப்பதில்லை.

ஆபத்தின் தன்மை

வீங்கிய மின்கலத்தில் உள்ள வளிமம் மட்டுமே பேரழிவை உண்டாக்குவதில்லை. வளிமம் உள்ளே உள்ள அடுக்குகளைப் பிரித்து அவற்றுக்கிடையே வெற்றிடங்களை உண்டாக்குகின்றது. அவ்விடங்களில் மின்னோட்டம் தடைபட்டு, எஞ்சிய இடங்களில் அடர்ந்து பாய்கின்றது. அங்கு லித்தியம் அயனியாகப் புகாமல் உலோகமாகப் படியத் தொடங்கும். இன்னொரு புறம், வீங்க இடமின்றி அடைபட்ட மின்கலம் கருவியின் திருகு முனை, சட்ட விளிம்பு போன்றவற்றின் மேல் அழுந்துகின்றது. இவ்விரண்டில் எதனாலும் பிரிப்பான் கிழிந்து நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் தொட்டுக்கொண்டால் உள் குறுக்குச்சுற்று உண்டாகும்.

அதன்பின் நிகழ்வது கட்டுக்கடங்கா வெப்பப் பெருக்கம் ஆகும். ஏறத்தாழ 80 முதல் 120 பாகையில் எதிர்மின்வாயின் காப்புப் படலம் சிதைந்து வெப்பத்தை வெளியிடும். ஏறத்தாழ 130 பாகையில் பாலியெத்திலீன் பிரிப்பான் உருகும். 200 பாகையை நெருங்கும்போது லித்தியம் கோபால்ட் ஆக்சைடு ஆக்சிசனை வெளியிடத் தொடங்கும். தீ எரியத் தேவையான ஆக்சிசனின் ஒரு பகுதி மின்கலத்தின் உள்ளிருந்தே கிடைப்பதால், போர்வையால் மூடி இத்தீயை முற்றிலும் அணைக்க இயலாது. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான வெப்பத்தைத் தருகின்றது; முதல் புகைக்கும் தீக்கும் இடையே சில நொடிகளே இருக்கக்கூடும்.

அளவைக் கருத்தில் கொண்டால், 1020 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட பழைய பிஎல்-5சி மின்கலத்தில் சேமிக்கப்படும் மின்னாற்றல் ஏறத்தாழ 3.8 வாட்-மணி. இது 100 மில்லிலிட்டர் தண்ணீரை 30 பாகைக்குச் சற்று மேல் சூடேற்றப் போதுமானது. 5000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட இக்காலத் திறன்பேசியில் இது ஏறத்தாழ 19 வாட்-மணி, அதாவது ஐந்து மடங்கு. மின்பகுபொருள் எரிவதால் வெளிப்படும் வெப்பம் இக்கணக்கில் சேராது. புகையில் ஐதரசன் புளோரைடு கலந்திருக்கும் என்பதால் அதனை மூச்சில் உள்ளிழுத்தல் தீங்கானது.

திருப்பெரும்புதூரும் பிஎல்-5சி மின்கலமும்

காஞ்சிபுரம் மாவட்டம் நெடுங்காலமாகக் கோயில்களாலும் பட்டு நெசவாலும் அறியப்பட்டது. 1990-களின் பிற்பகுதி முதல் அதன் கிழக்குப் பகுதி, குறிப்பாகச் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய திருப்பெரும்புதூர் வட்டம், பெருந்தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியாக மாறியது. இராமானுசர் பிறந்த ஊராகிய திருப்பெரும்புதூர் சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையில் உள்ளது. ஸ்ரீபெரும்புதூர் என்னும் வடிவமே அலுவல் வழக்கில் உள்ளது. பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 2005-இல் தமிழ்நாடு அரசுடன் உடன்பாடு செய்துகொண்டு இங்குச் சிறப்புப் பொருளாதார மண்டலமாக ஒரு தொழிற்சாலையை அமைத்தது. 2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கானோர், அவர்களுள் பெரும்பகுதி இளம்பெண்கள், இங்குப் பணிபுரிந்தனர். இங்குச் செல்பேசிகள் பூட்டப்பட்டன. மின்கலங்கள் வெளி நிறுவனங்களிடமிருந்து பெறப்பட்டன.

அக்காலத்தில் இந்தியாவில் விற்ற செல்பேசிகளுள் பாதிக்கு மேற்பட்டவை நோக்கியாவுடையவை. அவற்றுள் பலவற்றில் இருந்தது பிஎல்-5சி என்னும் ஒரே வகை மின்கலம். 2003-இல் வெளியாகி உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற, கைவிளக்கு கொண்ட 1100 வகைச் செல்பேசியும், 6600, என்70 போன்ற விலை உயர்ந்த வகைகளும் இதனையே பயன்படுத்தின. பின்மூடியைக் கழற்றினால் நகத்தால் நெம்பி எடுத்துவிடலாம். ஒருவரின் மின்கலத்தை இன்னொருவர் செல்பேசியில் பொருத்தலாம். மின்சாரம் நின்றுபோன ஊர்களில் இது பெரும் வசதியாக இருந்தது.

2007 ஆகத்து 14 அன்று நோக்கியா நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சப்பானின் மட்சுசித்தா பேட்டரி நிறுவனம் 2005 திசம்பர் முதல் 2006 நவம்பர் வரை உற்பத்தி செய்த 4 கோடியே 60 இலட்சம் பிஎல்-5சி மின்கலங்கள், மின்னேற்றும்போது குறுக்குச்சுற்றால் மிகையாகச் சூடேறி, இருந்த இடத்திலிருந்து பெயர்ந்துவிடக்கூடும் என அது கூறியது. அதுவரை உலக அளவில் ஏறத்தாழ 100 நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. கடுமையான காயமோ பெருஞ்சேதமோ பதிவாகவில்லை. பல நிறுவனங்கள் சேர்ந்து அதுவரை 30 கோடிக்கு மேற்பட்ட பிஎல்-5சி மின்கலங்களை உற்பத்தி செய்திருந்தன; அறிவிப்பு அவற்றுள் ஒரு பகுதிக்கு மட்டுமே உரியது. இதனைத் திரும்பப் பெறல் என்னாமல் "பொருள் குறித்த அறிவுரை" என்றே நிறுவனம் அழைத்தது. மின்கலத்தின் பின்புறம் அச்சிடப்பட்டிருந்த 26 குறிகள் கொண்ட அடையாள எண்ணை இணையத்தளத்திலோ தொலைபேசி வழியாகவோ தெரிவித்துச் சரிபார்க்கலாம். எண் பட்டியலில் இருந்தால் வேறு மின்கலம் இலவசமாகக் கிடைக்கும்.

அறிவிப்பு செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் வெளியானதும் இந்தியாவின் பல நகரங்களில் நோக்கியா பராமரிப்பு மையங்களின் முன் கூட்டம் திரண்டது. செல்பேசி பையிலேயே வெடிக்கும் என்ற வதந்திகளும் பரவின. எண்ணிக்கையைப் பார்த்தால் அச்சம் மிகையானதே: 4.6 கோடியில் 100 என்பது 4,60,000-க்கு ஒன்று. ஆயினும் மின்கலம் என்பது தீப்பற்றக்கூடிய ஒரு வேதிப்பொருள் கலம் என்பதைப் பலர் முதன்முதலில் உணர்ந்தது இந்நிகழ்வால்தான்.

இந்நிகழ்வில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. 26 குறிகள் கொண்ட அந்த எண், ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் செய்த மின்கலங்களை மட்டுமே பிரித்துக் காட்டியது. எண் பட்டியலில் இல்லை என்ற விடை கிடைத்தவர்களின் மின்கலம் பாதுகாப்பானது என்று பொருள் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் பயன்பட்டு முதுமையால் வீங்கியவையும், போலி மின்கலங்களும் அப்பட்டியலுக்கு அப்பாற்பட்டவை. போலிகளைக் கண்டறிய நோக்கியா தன் மின்கலங்களில் முப்பரிமாணப் படிமச் சிட்டையையும், சுரண்டிப் பார்க்கக்கூடிய 20 இலக்க எண்ணையும் ஒட்டியிருந்தது. சந்தையில் சிட்டைகளும் போலியாகவே வந்தன. போலி மின்கலங்களில் பலவற்றில், மிகையான மின்னேற்றத்தைத் துண்டிக்கும் சிறு காப்புச் சுற்று தரம் குறைந்ததாகவோ முற்றிலும் இல்லாமலோ இருந்தது.

மின்னேற்றும் பழக்கமும் சிக்கலை மிகுவித்தது. பிஎல்-5சி மின்கலத்தில் மூன்று மின்தொடுகைகள் உண்டு. ஓரங்களில் உள்ள இரண்டும் நேர், எதிர் முனைகள். நடுவில் உள்ளது, பொருத்தப்பட்டிருப்பது எவ்வகை மின்கலம் என்பதைச் செல்பேசிக்குத் தெரிவிக்கும். செல்பேசியே மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்துவதால், எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பது அதற்குத் தெரியும். தமிழ்நாட்டின் செல்பேசிக் கடைகளில் மலிவாக விற்ற "யூனிவர்சல் சார்ஜர்" என்னும் கருவியோ மின்கலத்தைத் தனியே கவ்விப் பிடித்து, இரண்டு கம்பி முனைகளால் நேர், எதிர் முனைகளை மட்டும் தொட்டு மின்னேற்றும். மின்கலத்தின் வகையோ வெப்பமோ அதற்குத் தெரியாது. அவற்றுள் மலிவானவை உரிய அளவில் நிறுத்துவதும் இல்லை.

எண் சொல்லாததை வடிவம் சொன்னது. பழுதுபார்ப்போரிடையே பரவி, பின்னர் பயனர்களும் கைக்கொண்ட எளிய சோதனை ஒன்று உண்டு. மின்கலத்தைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையின் மேல் தட்டையாக வைத்து ஒரு விரலால் சுண்டிவிட வேண்டும். நல்ல மின்கலம் உராய்ந்து உடனே நிற்கும். வீங்கியது நடுப்புடைப்பை அச்சாகக் கொண்டு பம்பரம் போலச் சுழலும். எந்தக் கருவியும் இன்றி, மில்லிமீட்டரில் ஒரு பகுதி அளவான புடைப்பைக் காட்டிக்கொடுக்கும் இச்சோதனை அறிவியல் அடிப்படையில் சரியானதே. அதே கடைகளில் வழங்கிய இன்னொரு பழக்கமோ மிகவும் ஆபத்தானது: வீங்கிய கூட்டில் ஊசியால் குத்திக் "காற்றை" வெளியேற்றி, அழுத்தித் தட்டையாக்கி மீண்டும் பொருத்துவது. குத்தும் ஊசி அடுக்குகளைத் துளைத்தால் அக்கணமே குறுக்குச்சுற்று உண்டாகும். துளைக்காவிடினும் திறந்த துளை வழியே காற்றின் ஈரப்பதம் உட்புகும்.

நோக்கியாவின் செல்பேசித் தொழில் 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு மாறியபோது, வரி வழக்கின் காரணமாகத் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலை அவ்விற்பனையில் சேர்க்கப்படவில்லை. அது 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. மின்னேற்றிகளைத் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் அவ்விடத்தை வாங்குவது 2019-இல் அறிவிக்கப்பட்டது. பிஎல்-5சி மின்கலம் அதனை உருவாக்கிய செல்பேசிகளை விட நீண்ட ஆயுள் பெற்றுள்ளது. அதே வடிவில் பிற நிறுவனங்கள் செய்யும் மின்கலங்கள் சிறு வானொலிகளிலும் பாட்டுப்பெட்டிகளிலும் மலிவுச் செல்பேசிகளிலும் இன்றும் பயன்படுகின்றன. எனவே மேற்கூறிய சுழற்சிச் சோதனைக்கு இன்றும் வேலை உண்டு.

கழற்ற இயலாத மின்கலங்கள்

2010-களில் திறன்பேசிகளின் மின்கலம் கூட்டினுள் பசையால் ஒட்டப்பட்டு, பயனரால் கழற்ற இயலாததாயிற்று. இதனால் வீக்கத்தை நேரில் காணும் வாய்ப்பு போயிற்று. 2016-இல் வெளியான சாம்சங் கேலக்சி நோட் 7 இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது. 2016 ஆகத்து 19 அன்று விற்பனைக்கு வந்த இச்செல்பேசி, தீப்பற்றும் நிகழ்வுகளால் செப்டம்பர் 2 அன்று திரும்பப் பெறப்பட்டது. அப்போது 25 இலட்சம் கருவிகள் வெளியாகியிருந்தன. வேறு நிறுவனத்தின் மின்கலத்துடன் மாற்றித் தரப்பட்டவையும் தீப்பிடித்ததால் அக்டோபர் 11 அன்று உற்பத்தி அடியோடு கைவிடப்பட்டது. 2017 சனவரியில் வெளியான ஆய்வு முடிவின்படி, முதல் வகை மின்கலத்தில் பையின் மூலையில் இடம் போதாமல் எதிர்மின்வாய் மடங்கியிருந்தது. இரண்டாம் வகையில் பற்றவைப்பின் கூர்முனைகள் பிரிப்பானைத் துளைத்தன. இடப் பற்றாக்குறை என்னும் முதற்காரணம், வீங்கிய மின்கலம் குறுகிய கூட்டினுள் ஏன் ஆபத்தானது என்பதையும் விளக்குகின்றது. இந்தியாவில் இச்செல்பேசி முறைப்படி விற்பனைக்கு வரவில்லை.

பயனரே எளிதில் கழற்றக்கூடிய வகையில் கையடக்கக் கருவிகளின் மின்கலங்கள் அமைய வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒழுங்குமுறை ஒன்றை இயற்றியுள்ளது. அவ்விதி நடைமுறைக்கு வரும் நாளாக 2027 பிப்ரவரி 18 குறிக்கப்பட்டுள்ளது.

அறிகுறிகள்

கழற்ற இயலாத கருவிகளில் வீக்கத்தை மறைமுக அறிகுறிகளால் அறியலாம். திரையின் ஓரம் சட்டத்திலிருந்து எழும்புதல், பின்மூடி பிளந்து கோடு தெரிதல், மேசையில் வைத்தால் கருவி ஆடுதல், அழுத்தாமலே திரையில் வெளிறிய திட்டு தோன்றுதல் ஆகியன அவை. மடிக்கணினியில் தொடுபலகை மேலெழும்பிச் சொடுக்க இயலாமற் போவது பெரும்பாலும் அதன் அடியில் உள்ள மின்கலம் வீங்கியதன் விளைவு. மின்பகுபொருள் கசிந்தால் நகப்பூச்சு அகற்றியை ஒத்த இனிப்பான நெடி வீசும். மின்னேற்றம் திடீரென 40 விழுக்காட்டிலிருந்து ஒற்றை இலக்கத்துக்கு விழுவது முதுமையின் அறிகுறி மட்டுமே. அதனை வீக்கத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

கையாளும் முறை

வீக்கம் தெரிந்தவுடன் மின்னேற்றியைத் துண்டித்துக் கருவியை அணைத்துவிட வேண்டும். எஞ்சிய மின்னேற்றத்தைத் தீர்ப்பதற்காகத் தொடர்ந்து பயன்படுத்துவதும், முக்கியத் தரவுகளைப் படியெடுப்பதற்காக ஒருமுறை மட்டும் மின்னேற்றுவதும் பலர் செய்யும் பிழைகள். மின்னேற்றும் நேரமே ஆபத்து மிகுந்த நேரம். மேலெழும்பிய மூடியை மீண்டும் அழுத்தி மூடக் கூடாது. மின்கலம் எளிதில் கழன்று வரும் வகையாயின் வளைக்காமல் எடுத்து, முனைகளின் மேல் ஒட்டுநாடா ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய தகரப் பெட்டியில் இறுக மூடாமல் வீட்டுக்கு வெளியே நிழலில் வைக்கலாம். பசையால் ஒட்டிய வகையை வீட்டில் நெம்புதல் கூடாது. பழுதுபார்ப்போர் இரும்புக் கத்திக்கு மாற்றாக நெகிழித் தகட்டைப் பயன்படுத்துவதும், முதலில் மின்னேற்றம் தீர்ந்துள்ளதா எனப் பார்ப்பதும் இதனாலேயே. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வீக்கம் வற்றும் என்பது தவறான நம்பிக்கை.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடும் தறிக்கூடமும் ஒன்றே. இத்தகைய இல்லங்களில் மின்னேற்றும் இடத்தைப் பாவு, நூற்கண்டுகள், படுக்கை ஆகியவற்றிலிருந்து விலக்கி வைத்தல் நன்று. பட்டு புரத இழையாதலால் எளிதில் பற்றி எரிவதில்லை. சுடரை அகற்றினால் தானே அணையும் இயல்புடையது. பருத்தியும் செயற்கை இழைகளும் அவ்வாறு அல்ல.

தீப்பற்றினால் முதலில் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். சிறு கருவிகளின் லித்தியம்-அயனி மின்கலத் தீக்குத் தண்ணீரே ஏற்றது. லித்தியம் தண்ணீரோடு வினைபுரியும் என்ற பள்ளிப் பாடத்தை நினைத்துச் சிலர் தயங்குவர். இம்மின்கலத்தில் உலோக லித்தியம் மிகச் சிறிதளவே இருக்கக்கூடும். குளிர்விப்பதே முதன்மைத் தேவை. சுடர் அணைந்த பின்னும் மீண்டும் பற்றும் வாய்ப்பு உள்ளதால் தொடர்ந்து நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். 2016 செப்டம்பர் 23 அன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், மேல் அடுக்கில் இருந்த பையினுள் ஒரு சாம்சங் நோட் 2 செல்பேசியிலிருந்து புகை எழுந்தபோது பணியாளர்கள் இம்முறையையே பின்பற்றினர். தீயணைப்பானைப் பயன்படுத்திய பின், செல்பேசியைத் தண்ணீர் நிரப்பிய கலத்தில் இட்டுக் கழிவறையில் வைத்தனர். விமானம் சென்னையில் பாதுகாப்பாகத் தரையிறங்கியது, எவருக்கும் காயமில்லை.

சட்டமும் அப்புறப்படுத்தலும்

2007-இல் இந்தியாவில் நடப்பில் இருந்த 2001-ஆம் ஆண்டின் மின்கல விதிகள் காரீய-அமில மின்கலங்களுக்கு மட்டுமே உரியவை. செல்பேசி மின்கலம் அவற்றில் இடம்பெறவில்லை. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டத்திலும் குறையுள்ள பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற ஆணையிடும் தனி அமைப்பு கிடையாது. பிஎல்-5சி நிகழ்வு முழுவதும் நிறுவனத்தின் விருப்பத்தின் பேரில் நடந்ததற்குப் பின்புலம் இது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இப்போது அந்த அதிகாரம் உண்டு.

கையடக்கக் கருவிகளின் மின்கலங்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16046 தரத்தின்படி சோதிக்கப்பட்டுப் பதிவு பெற வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பதிவு பெற்ற மின்கலத்தின் மேல் அமைவனத்தின் குறியீட்டோடு "ஆர்" என்னும் ஆங்கில எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் காணப்படும். மாற்று மின்கலம் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இதனையே. 2022 ஆகத்தில் வெளியான மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் அனைத்து வகை மின்கலங்களையும் உள்ளடக்குகின்றன. இவற்றின்படி பயன்பாடு முடிந்த மின்கலங்களைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்புவது உற்பத்தியாளரின் பொறுப்பு. குப்பைத்தொட்டியின் மேல் குறுக்குக்கோடிட்ட குறியீடு அதனை நினைவூட்டுவதற்காக அச்சிடப்படுகின்றது. நகராட்சிக் குப்பையோடு சேரும் மின்கலம் வண்டியின் அழுத்துப்பொறியில் நசுங்கித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், வீங்கியதை நிறுவனத்தின் சேவை மையத்திலோ பதிவு பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடமோ நேரில் ஒப்படைக்க வேண்டும். பழுதடைந்த லித்தியம் மின்கலங்களை வான்வழியே கொண்டுசெல்வதைப் பன்னாட்டு வான் போக்குவரத்து விதிகள் தடைசெய்கின்றன. ஆதலால் இவற்றை அஞ்சலிலோ கூரியர் வழியாகவோ அனுப்புதலும், பயணப் பெட்டியில் வைத்து விமானத்தில் எடுத்துச் செல்லுதலும் கூடாது.